1991 ஐ எங்களுக்கு விற்காதீர்கள்

அமெரிக்க பேஸ்போல் பருவம் மார்ச் கடைசியில் தொடங்குகிறது. சியாட்டில் மரினர்ஸ் இந்த முறையாவது வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடருக்குப் போகுமா என்று ஒரு பக்கம் கதைப்பார்கள். அதே வாயால் "91 மாதிரி ஒரு வருசம் இனி வருமா?" என்று பெருமூச்சும் விடுவார்கள். நிர்வானாவின் நெவர்மைண்ட், பேர்ள் ஜாமின் டென், சவுண்ட்கார்டனின் பாட்மோட்டர்ஃபிங்கர் மூன்றும் ஆறு கிழமைக்குள் வெளிவந்த வருசம் அது. கென் கிரிஃபி ஜூனியர் என்ற 21 வயதுப் பெடியன் தன் தகப்பனோடு ஒரே அணியில் விளையாடிய வருசமும் அதுதான். இப்ப 35 வருசமாகிறது. பெருமூச்சு இந்த முறை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அந்தப் பாட்டுகளை நாங்களும்தான் கேட்கிறோம். கேட்கிறவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை. எங்கட சண்டை அந்த வருசத்தைத் துடைத்து மினுக்கி விற்கிறவர்களோடு.

1991 உண்மையில் எப்படி இருந்தது? 1977 இல் தொடங்கிய மரினர்ஸ், தோல்வியைவிடக் கூடுதலான வெற்றியைக் கண்ட முதல் பருவம் அதுதான். 83 வெற்றி, 79 தோல்வி. அதற்குப் பரிசு என்ன தெரியுமோ? பருவம் முடிந்த கையோடு முகாமையாளர் ஜிம் லெஃபெவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உரிமையாளர் ஜெஃப் ஸ்முல்யன் அணியை விலைக்குப் போட்டார். அணி புளோரிடாவுக்குப் போய்விடுமோ என்று ஊர் பயந்தது. 1992 இல் நின்டெண்டோவின் ஹிரோஷி யமாஉச்சி காசு போட்டபடியால்தான் அது சியாட்டிலில் தங்கியது. ஒரு ஜப்பான்காரர் அமெரிக்க விளையாட்டில் கை வைப்பதா என்று அதற்கும் எதிர்ப்பு வந்தது.

இசைப் பக்கமும் அப்படித்தான். இந்தச் சத்தத்தை முதலில் பதிந்து வெளியிட்ட சப் பொப் என்ற சின்னக் கொம்பனி, 1991 இல் கையில் காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. நெவர்மைண்ட் அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது சுமார் 46,000 பிரதிகள் மட்டும். மைக்கல் ஜாக்சனின் டேஞ்சரஸை அது முதலிடத்திலிருந்து இறக்கியது 1992 ஜனவரியில். அப்ப 1991 இல் அந்த ஊரில் கிற்றார் அடித்த ஆருக்கும் தாங்கள் பொற்காலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பொற்காலம் என்பது பிறகு வந்தவர்கள் ஒட்டிய விலைச்சீட்டு.

ஒட்டுவதற்கு அவர்கள் கனகாலம் எடுக்கவும் இல்லை. 1992 இலேயே மார்க் ஜேக்கப்ஸ், பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காகக் கிரஞ்ச் உடுப்பை மேடை ஏற்றினார். பழைய உடுப்புக் கடையில் மலிவாக வாங்கிப் போட்ட கட்டம்போட்ட சேர்ட் பட்டுத் துணிக்கு மாறியது. அதே வருசம் நியூயோர்க் டைம்ஸ் "கிரஞ்ச் அகராதி" ஒன்றை வெளியிட்டது. சப் பொப்பில் முன்பு வேலைசெய்த மேகன் ஜாஸ்பர் நக்கலுக்கு வாயில் வந்த சொற்களையெல்லாம் எடுத்துவிட, பத்திரிகை அதை அப்படியே அச்சடித்தது. 1994 இல் பேர்ள் ஜாம் டிக்கெட் விலைக்காக டிக்கெட்மாஸ்டரோடு மோதி, அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய்ச் சாட்சி சொன்னது. 1995 இல் நீதித் திணைக்களம் அந்த விசாரணையை மூடியது. நினைவு விற்கிற கடையில் இந்தச் சண்டை கிடைக்காது. மஞ்சள் சிரிப்பு முகம் போட்ட கறுப்பு ரீசேட்தான் கிடைக்கும். கேர்ட் கோபேன் 27 வயதிலும் அலிஸ் இன் செயின்ஸின் லேன் ஸ்டேலி 34 வயதிலும் செத்துப்போனதை அந்த ரீசேட் சொல்லாது.

மரினர்ஸ் நிர்வாகமும் நடத்தியது இதே கடையைத்தான். 2001 இல் 116 வெற்றி எடுத்து, 1906 இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்த அணி, அதற்குப் பிறகு 2022 வரை பிளேஓஃப் பக்கமே போகவில்லை. ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸை நினைத்துப் பாருங்கள். 2005 முதல் 2019 வரை 15 பருவம் இந்த ஒரே அணிக்காகப் பந்தெறிந்தவர். 2012 இல் எதிரணியின் ஒருத்தரையும் தளத்தில் கால் வைக்க விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர். அவர் ஒரு பிளேஓஃப் பந்துகூட எறியாமல் போனார். அந்த வறட்சிக்கு நடுவில், 2017 இல், கிரிஃபிக்குச் சிலை எழும்பியது. சிலைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் சிலை பந்தெறியாது, பந்தடிக்காது, சம்பளமும் கேட்காது. உரிமையாளருக்கு அதைவிட நல்ல விளையாட்டு வீரர் கிடைப்பாரோ? 2023 இல் அணியின் பேஸ்போல் பொறுப்பாளர் ஜெரி டிபோட்டோ, பத்து வருசம் தொடர்ந்து 54 சதவீதம் வென்றாலே போதும் என்ற மாதிரிக் கதைத்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 162 ஆட்டத்தில் 87 வெற்றியோடு திருப்திப்படு, மிச்சத்துக்குப் பழசை நினைத்துக்கொள் என்றுதான் அது எங்கட காதில் விழுந்தது.

போன வருசம் என்ன நடந்தது? ஜூலையில் நிர்வாகம் அரிசோனாவிடமிருந்து ஜொஷ் நெய்லரையும் யுஹேனியோ சுவாரெஸையும் வாங்கியது. கால் ராலி 60 ஹோம் ரன் அடித்தார், விக்கெட் காப்பாளர் மாதிரியான அந்த இடத்தில் நிற்கிற ஒருத்தரும் அதுவரை செய்யாத வேலை. 90 வெற்றி, 2001 க்குப் பிறகு முதல் பிரிவுப் பட்டம். டெட்ரோயிட்டை 15 இன்னிங்ஸ் இழுத்து வென்றார்கள். டொரொன்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 3-1 என்று முன்னால் நின்று, ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் ஒரே அடியில் 4-3 என்று தோற்றார்கள். 30 அணிகளில் வேர்ல்ட் சீரிஸை ஒருமுறையும் காணாத ஒரே அணி என்ற பெயர் அப்படியே மிச்சம். ஆனாலும் அவ்வளவு தூரம் கொண்டுபோனது நினைவு அல்ல, செலவு.

இந்தப் பருவத்துக்கான எங்கட கணிப்பும் அதில்தான் நிற்கிறது. நெய்லரை ஐந்து வருடத்துக்கு வைத்துக்கொண்டது நல்ல வேலை. சுவாரெஸும் பொலான்கோவும் போனது பெரிய ஓட்டை. ராலியிடம் இன்னொரு 60 கேட்பது நியாயமில்லை. கில்பேர்ட், கேர்பி, வூ, மில்லர் என்ற பந்தெறியும் வரிசை உடம்பு நோவில்லாமல் நின்றால் பிரிவை மறுபடியும் வெல்லலாம். அதுக்கு மேலே போகிறதோ இல்லையோ என்பது ஜூலையில் உரிமையாளர் பையைத் திறப்பதில் இருக்கிறது.

எங்கட ஊரில் இந்த வருத்தத்துக்குப் பெயர் 1996. லாகூரில் அரவிந்த டி சில்வாவின் 107, ரகுமானின் இந்தியன், காதல் தேசம். "உங்களுக்கெல்லாம் அது கிடைக்கேல்ல" என்று மூத்தவர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். கிண்ணம் வென்ற அந்த மார்ச்சில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் வன்னியிலும் கிடந்ததை அந்தப் பொற்காலக் கதை சொல்வதில்லை. இன்றைய அணி ஏன் தோற்கிறது, கிரிக்கெட் சபையின் காசு எங்கே போகிறது என்று கேட்டால், பதிலுக்கு அரவிந்தவின் வீடியோ வருகிறது.

பாட்டைக் கேளுங்கள். ரீசேட்டும் போடுங்கள். ஆனால் பழைய வருசம் ஒன்றை உங்கட கையில் ஆராவது திணித்தால், இந்த வருசத்துக்கு என்ன செய்தாய் என்று திருப்பிக் கேளுங்கள். 1991 இல் அந்தப் பெடியள் 1956 ஐ நினைத்து அழுதுகொண்டிருந்திருந்தால், அந்த மூன்று அல்பங்களில் ஒன்றும் வந்திராது.