வலியைப் பொறுப்பது பெருமையா?

நம் ஜனங்களுக்குள் ஒரு விசித்திரமான குணம் உண்டு. பசித்தவன் சோறு கேட்டால் நியாயம் என்பார்கள். தாகம் எடுத்தவன் தண்ணீர் கேட்டால் அதுவும் நியாயம் என்பார்கள். ஆனால் வயிற்றைக் கீறித் தைத்துப் படுக்கையில் போடப்பட்டிருக்கும் ஒருவன், "வலி பொறுக்க முடியவில்லை, மருந்து கொடுங்கள்" என்று கேட்டால் மாத்திரம் அவனைக் கோழை என்றும், பொறுமையற்றவன் என்றும் சொல்லி விடுவார்கள். அதிலும் கேட்டவள் பெண்ணாயிருந்து விட்டாலோ சொல்ல வேண்டியதே இல்லை.

சில காலத்துக்கு முன் என் தங்கை மகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் ஆபரேஷன் சமயத்தில் அவளுக்கு வலி தெரியவில்லை. ராத்திரி அந்த மருந்தின் வேகம் தணிந்ததும் துடித்துப் போனாள். நான் போய் மருந்து கேட்டதற்கு அங்கிருந்த அம்மாள், "பிள்ளை பெற்றவள் இதைக்கூடத் தாங்காவிட்டால் எப்படி?" என்று சொல்லி விட்டார். எங்கள் வீட்டுக் கிழவிகளோ, "அவள் தலையில் எழுதினதை யார் மாற்ற முடியும்?" என்று பெருமூச்சு விட்டார்கள். குழந்தை பாலுக்கு அழுதும், ஒருக்களித்துப் படுக்கக்கூட அவளால் முடியவில்லை. விடிந்ததும் டாக்டர் வந்து ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக் கொண்டாள். ராத்திரி முழுதும் இருந்த தலையெழுத்து காலையில் ஓர் ஊசியில் அழிந்து போகுமானால், அது எழுத்துத்தானா என்று கேட்கின்றேன்.

இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1846ம் வருஷம் அக்டோபர் 16ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதர் ஆவியால் மயங்கச் செய்து, அவன் கழுத்துக் கட்டியை ரண வைத்தியர் அறுக்கும்படி செய்து காட்டினார். மறு வருஷமே எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற டாக்டர் பிரசவத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தார். பிரசவ வேதனை கடவுள் பெண்ணுக்கு விதித்தது, அதைத் தடுப்பது பாவம் என்ற ஆட்சேபணைக்குப் பதிலாக அவர் ஒரு பிரசுரமே எழுத வேண்டியிருந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனைத் தூங்க வைத்ததாகத்தானே உங்கள் வேதம் சொல்கிறது என்று அவர்களை மடக்கினார். 1853ல் விக்டோரியா ராணியே பிரசவத்தில் குளோரோபாரம் வாங்கிக் கொண்டார்; 1857லும் அப்படியே செய்தார். ராணி மீறின பிறகு விதி எங்கே போயிற்று?

படித்தவர்களும் இதில் தப்பு செய்யாமலில்லை. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று எண்ணி, 1980களிலும்கூடப் பல இடங்களில் சிசுக்களுக்குப் போதிய மருந்து கொடாமலே ரண சிகிச்சை செய்து வந்தார்கள். 1987ல் இங்கிலாந்தில் ஆனந்த் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும், குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷனில் வலியடக்கும் மருந்து கொடுத்தால் உடம்பின் அதிர்ச்சியும் பின்னால் வரும் கேடுகளும் குறைவதைப் பரீட்சித்துக் காட்டினார்கள். பழக்கம் மாறிற்று. தப்பைப் பரீட்சித்துத் திருத்திக் கொள்வதுதான் அறிவு. தப்பைச் சாஸ்திரமாக்கிக் கும்பிடுவது மூடத்தனம்.

வலியைப் பொறுப்பதால் லாபம் உண்டா என்று பார்த்தால் நஷ்டம்தான் உண்டு. வயிற்றிலோ மார்பிலோ ஆபரேஷன் ஆனவன் வலிக்குப் பயந்து ஆழ்ந்து மூச்சு விடமாட்டான், இருமமாட்டான். சளி கட்டி நுரையீரலில் காய்ச்சல் வரும். எழுந்து நடக்கமாட்டான், காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அடக்காமல் விட்ட கடும் வலி சிலருக்குப் புண் ஆறின பின்னும் மாதக்கணக்கில் தங்கி விடுவதுண்டு.

இன்று டாக்டர்கள் ஒரே மருந்தை நம்பியிருப்பதில்லை. பாரசிட்டமால் ஒரு பக்கம்; வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை ஒரு பக்கம்; அந்தந்த இடத்து நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஒரு பக்கம்; முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவது இன்னொரு பக்கம். இவைகளும் போதாதபோது அபினிலிருந்து எடுக்கும் மார்பினைக் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். இப்படிப் பல வழிகளைச் சேர்ப்பதால் ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதுமானதாகிறது. வலி உச்சிக்கு ஏறும் வரை காத்திராமல் வேளை தவறாது கொடுப்பதே நல்லது.

"மார்பின் பழக்கமாகி விடாதா?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வியே. அமெரிக்காவில் இவ்வகை மாத்திரைகளை அளவின்றி எழுதிக் கொடுத்து ஏராளமானவர்கள் பாழாய்ப் போனதும் உண்மை. அளவு மீறினால் மூச்சே அடங்கும், மலமும் கட்டும். வீக்க மாத்திரையும் குடல் புண்காரருக்கும் மூத்திரக்காய் கெட்டவருக்கும் ஆகாது. ஆகவே இவை டாக்டரின் கண்காணிப்பில், சில நாளைக்கு மாத்திரம் கொடுக்க வேண்டியவை. அதற்காக ஒரேயடியாய் மறுப்பது, வீடு எரியுமென்று அடுப்பே மூட்டாமலிருப்பதாகும். நம் நாட்டில் 1985ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிக்கு மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014ல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டம் திருந்தினால் போதுமா? மனம் திருந்த வேண்டாமா?

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், நாள் நட்சத்திரம் பார்ப்பதை விட்டு, "பின்னால் வரும் வலிக்கு என்ன ஏற்பாடு?" என்று டாக்டரை முன்கூட்டியே கேளுங்கள். முன்பு ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வலி எவ்வளவு என்று கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பெண்கள் கேட்டால் அதட்டாதீர்கள். வலிக்கு மருந்து கேட்பது பிச்சையல்ல, மனிதனின் உரிமை. அதைக் கேட்க வெட்கப்படுவதுதான் வெட்கக்கேடு.