45 நிமிடத்தில் மருந்தைச் சொல்லும் குட்டிக் கருவி!

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. டாக்டர் 'யூரின் கல்ச்சர்' எழுதித் தருகிறார். ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாள்கள். எரிச்சல் அதுவரை காத்திருக்குமா? அனுபவத்தை வைத்து ஒரு ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்துவிடுவார். கேட்காவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரை மாறும். அதற்குள் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடவும் கூடும்.

கல்ச்சருக்கு ஏன் இவ்வளவு நேரம்? கிருமியைத் தட்டில் வளர்த்து, அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகிய பிறகுதான் எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க முடியும்.

ஸ்வீடனின் உப்சாலாவில் உருவான 'பிஏ-100' கருவி இந்தக் காத்திருப்பைத்தான் குறைக்கிறது. அரை மில்லி லிட்டருக்கும் குறைவான சிறுநீர் போதும். உள்ளே முடியைவிட மெல்லிய 10,000-க்கும் மேற்பட்ட கால்வாய்கள். பாக்டீரியா அவற்றில் சிக்கிக்கொள்ளும். சிலவற்றில் மருந்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. எதில் வளர்ச்சி நிற்கிறது என்று கேமரா கவனிக்கும். கிருமி இருக்கிறதா என்பது 15 நிமிடத்தில் தெரியும். எந்த மருந்து வேலை செய்யும் என்பது 45 நிமிடத்தில். ஐந்து மருந்துகளைத்தான் சோதிக்கும் என்பது ஒரு குறை.

2024-ல் பிரிட்டனின் லாங்கிட்யூட் பரிசு இதற்குத்தான். 80 லட்சம் பவுண்டு! 2014-ல் அறிவித்த போட்டி; ஜெயிக்க ஓர் ஆள் வர பத்து வருடம் ஆகியிருக்கிறது.

நம்மூரில் கல்ச்சர்தான் வழக்கம். எழுதித் தந்தால், மாத்திரை போடும் முன்பே சாம்பிள் கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஒரு வேளை மாத்திரை உள்ளே போய்விட்டாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.