தீர்ப்பெழுதிய பின் விசாரணையா?

நீதிமன்றம் ஒன்றிலே தீர்ப்பை முதலில் எழுதி முத்திரையிட்டு வைத்துக்கொண்டு, அதன் பின்னர் சாட்சியைக் கூண்டிலேற்றி, “நீ சொல்ல விரும்புவதைச் சொல்” என்று கேட்டால், அதனை நீதி என்று எவரும் ஒப்பமாட்டார். ஆயினும் இந்நாட்டின் கிராமப்புறங்களிலே அபிவிருத்தி என்னும் பெயரால் அணையும் வீதியும் சுரங்கமும் மின்நிலையமும் எழுப்பப்படும்பொழுது நடைபெறுவது பெரும்பாலும் இதுவே. இடம் குறித்தாகிவிடும், கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிடும், ஒப்பந்தகாரரின் இயந்திரங்கள் வந்து இறங்கிவிடும். அதன்பின் ஓர் உத்தியோகத்தர் கிராமத்துக்கு வந்து, கமக்காரரைக் கூட்டி, “உங்கள் அபிப்பிராயம் யாது?” என்று வினவுவார். வந்தோரிடம் கையொப்பம் வாங்கப்படும். அக்கையொப்பப் பட்டியலே, மக்கள் கலந்தாலோசிக்கப்பட்டனர் என்பதற்கு அத்தாட்சியாக அறிக்கையின் பின்னிணைப்பிலே ஏறிவிடும்.

சட்டம் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அவ்வறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசம் அளிக்கப்பட்டது. கடன் கொடுப்போரும் தத்தமக்கென விதிகளை வகுத்திருக்கின்றனர். ஆசிய அபிவிருத்தி வங்கி 2009 இலும் உலக வங்கி 2016 இலும் வெளியிட்ட பாதுகாப்புக் கொள்கைகள், பாதிக்கப்படும் மக்களிடம் பொருளுள்ள முறையிலே கலந்தாலோசிக்க வேண்டுமென்று விதிக்கின்றன. ஏடுகளிலே குறைவில்லை. குறை காலத்திலேயே இருக்கிறது. கேட்கவேண்டிய வேளை கடந்தபின் கேட்பதே இந்நாட்டின் வழக்கமாகிவிட்டது.

இதற்கு எம் கண்முன்னே உள்ள உதாரணம் இரணைமடு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரே அதன் உயிர்நாடி. அந்நீர் உவராவதையும், உரத்தாலும் கழிவாலும் மாசடைவதையும் அறியாதார் எவருமில்லை. ஆகவே குடாநாட்டுக்குக் குடிநீர் வேண்டும் என்பதிலே இரு கருத்துக்கு இடமில்லை. 2010 ஆம் ஆண்டிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் ஏற்கப்பட்டது. இரணைமடுக் குளத்திலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரைக் கொண்டுசெல்வதே அதன் அடிப்படை. ஆண்டுக் கணக்கிலே இஃது ஏறக்குறைய 8,000 ஏக்கரடி நீராகும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அக்குளத்தை நம்பி இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் கிடக்கின்றன. காலபோகம் மழையோடு நடந்தேறினாலும், சிறுபோகத்திலே குளத்திலுள்ள நீரின் அளவுக்கேற்ப ஒரு பகுதி நிலமே விதைக்கப்படும். எஞ்சிய நிலம் தரிசாகக் கிடக்கும். இந்நிலையிலே, “எமக்கே போதாத நீரை எவ்வாறு பங்கிடுவது?” என்று கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டதிலே தவறென்ன? அவர்கள் யாழ்ப்பாண மக்களின் தாகத்தை வெறுத்தவர்களல்லர். தங்கள் வயலின் தாகத்தை அறிந்தவர்கள்.

எதிர்ப்பு வலுத்தது. 2013 இலே தெரிவான வட மாகாணசபையின் காலத்தில் மாற்றுவழி ஆராயப்பட்டது. ஈற்றில் வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டிலே திறந்துவைக்கப்பட்டது. அங்கும் கரையோர மீனவர், உப்புக் கழிவு கடலிலே சேர்வதுபற்றி ஐயம் எழுப்பினர். 2010 இலிருந்து 2024 வரை பதினான்கு ஆண்டுகள்! கமக்காரரை முதலிலேயே அழைத்து, குளத்தின் நீர்க் கணக்கை அவர்கள் முன் விரித்து வைத்து, வறட்சி ஆண்டிலே முதலுரிமை யாருக்கு என்பதைப் பேசித் தீர்த்திருந்தால், இப்பதினான்கு ஆண்டுகளும் வீணாகியிருக்குமா? கமக்காரனுக்கும் குடிமகனுக்கும் பகை மூண்டிருக்குமா? கேளாமையால் நட்டமடைந்தவன் வன்னிக் கமக்காரன் மட்டுமல்லன். குடம் ஏந்தி நின்ற யாழ்ப்பாணத்தவனும் அவனோடு சேர்ந்தே நட்டமடைந்தான்.

இங்கே ஓர் உண்மையை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். குளத்து நீரைப்பற்றிக் கமக்காரரிடம் கேட்பது வெளிநாட்டு வங்கி கற்றுத்தந்த புதுமையன்று. 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி போகத்துக்குப் போகம் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பவை அங்கே தீர்மானமாகின்றன. அத்தீர்மானம் சட்டவலு உடையது. ஒரு போகத்துக்கு எத்தனை நாள் வாய்க்கால் திறப்பது என்று தீர்மானிக்கத் தகுதியுள்ள கமக்காரன், அதே குளத்து நீரை ஐம்பது ஆண்டுகளுக்கு வேறிடம் கொண்டுசெல்வதா என்று தீர்மானிக்கும்போது மட்டும் தகுதியற்றவனாகிவிடுவானா?

சட்டத்திலுள்ள ஓட்டைகளையும் காட்டவேண்டும். எத்திட்டங்களுக்கு மதிப்பீடு வேண்டும் என்பதை 1993 ஜூன் மாத வர்த்தமானிப் பட்டியல் வரையறுத்தது. கட்டாயக் குடிபெயர்ப்பாயின் நூறு குடும்பங்களுக்கு மேற்படவேண்டும். அவ்வாறாயின் தொண்ணூற்றொன்பது குடும்பங்களின் கண்ணீருக்குக் கணக்கில்லையா? நீர் சுத்திகரிப்பு நிலையமாயின் 5 இலட்சம் கன மீற்றர் கொள்ளளவைத் தாண்டவேண்டும். இரணைமடுவிலிருந்து எடுக்க எண்ணிய நீரைப்போலப் பதினெட்டு மடங்கு எடுத்தாலும் அந்த எல்லை எட்டப்படாது. நீர்த்தேக்க ஒதுக்கு நிலம் போன்ற சில இடங்களிலே அளவு பாராமல் மதிப்பீடு வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் நீர் எடுக்கப்படும் குளத்தை நம்பியிருப்போரின் நிலை அளவுகோலாக வைக்கப்படவில்லை. இதற்குமேல், 2000 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கத் திருத்தமானது, சிறிய அளவிலான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கைகளுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கடப்பாட்டையும் நீக்கிவிட்டது. கதவைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வாசலைச் சுருக்கியிருக்கிறார்கள்.

காலம் தப்பினால் நீதி எவ்வாறு குறுகிப்போகும் என்பதை இந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போர் அறிவர். எப்பாவல பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கையளிக்க அரசாங்கம் முற்பட்டபோது, அப்பகுதிக் கமக்காரரும், பால்பண்ணையாளரும், விகாரை ஒன்றின் தேரரும் ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன்னரே வழக்குத் தொடுத்தனர். இயற்கை வளம் அரசாங்கத்தின் தனிச் சொத்தன்று. மக்களுக்காக அது காக்கப்பட வேண்டியது என்ற அடிப்படையிலே, முறையான ஆய்வும் சுற்றாடல் அங்கீகாரமும் இன்றி ஒப்பந்தம் செய்யலாகாது என்று 2000 ஜூனிலே தீர்ப்பாயிற்று. நிலம் பிழைத்தது. ஆனால் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் கதை வேறு. மதிப்பிடப்பட்ட பாதை ஒன்று. இறுதியில் வெட்டப்பட்ட பாதை பிறிதொன்று. புதிய பாதையிலே காணியை இழந்தோர் ஒருபோதும் செவிமடுக்கப்படவில்லை. அவர்கள் செவிமடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 2004 ஜனவரியிலே தீர்ப்பளித்தார். உரிமை உரிமையே என்று நிலைநாட்டப்பட்டது. ஆனால் வீதி திரும்பவில்லை. ஆளுக்கு 75,000 ரூபா நட்டஈடே கிடைத்தது. முன்கூட்டிக் கேட்டவர்க்கு நிலம். பின்னர் கேட்டவர்க்குப் பணம். இவ்வழக்குகளை நடத்தியோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து மக்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. கேளாமை என்னும் நோய் இனம் பார்ப்பதில்லை.

உமா ஓயாவைப் பாருங்கள். அத்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது 2014 டிசம்பரிலிருந்து நிலத்தடி நீர் பீறிட்டுச் சுரங்கத்துள் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகள் வற்றின; ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்பிரலிலே கோலாகலமாகத் திறக்கப்பட்டது. இத்திட்டத்துக்குக் கடன் தொடங்கியது ஈரானிய வங்கி. ஆகவே ஆசிய வங்கியின் விதியோ உலக வங்கியின் விதியோ அங்கே செல்லவில்லை. குடிமகனின் பாதுகாப்பு, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்திருப்பது எத்தகைய அவமானம்! சுன்னாகத்திலே மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிலே கலந்த வழக்கிலும், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலிலே இரண்டு கோடி ரூபா செலுத்தப் பணித்தது. தீர்ப்பு போற்றத்தக்கது. ஆனால் கெட்ட கிணறு தீர்ப்பினால் இனிக்காது.

தமிழ்க் கமக்காரனின் ஐயத்துக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. நீர்த்திட்டம் என்றால் அவன் நினைவுக்கு வருவது நீர் மட்டுமன்று. 1949 இலே தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1956 ஜூனிலே அப்பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்டதும் அவன் வரலாறு. 1984 இலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற்றப்பட்டதும், 1988 இலே மணலாறு வெலிஓயா என்ற பெயரோடு மகாவலி ‘எல்’ வலயமானதும் அவன் வரலாறு. மரம் எத்தனை, பறவை எத்தனை என்று எண்ணும் அறிக்கை, பாயப்போகும் நீரின் கரையிலே யார் குடியேற்றப்படுவர் என்று ஏன் சொல்வதில்லை? சமூகப் பாதிப்பு என்பதன் முதல் வினாவே இதுவன்றோ? இவ்வினாவை விட்டுவிட்டு எழுதப்படும் மதிப்பீடு, எத்தனை நூறு பக்கமாயினும் அரைகுறை ஏடே.

மன்னாரிலும் இதே கதை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனால் 30 காற்றாலைகளோடு எழுந்த மின்நிலையம் 2020 டிசம்பரிலே திறக்கப்பட்டது. வெள்ளம் வடியும் வழிகள் அடைபட்டதாக மக்கள் முறையிட்டனர். 2025 இலே மேலும் காற்றாலைகள் வந்தபோது அவர்கள் வீதிக்கு இறங்கினர். ஆகஸ்டிலே வேலைகள் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. செப்டெம்பரிலே மறித்து நின்ற மக்கள்மீது பொலிசார் பலம் பிரயோகித்தனர். பேசவேண்டிய இடத்திலே பொலிசு வந்தால், அங்கே கலந்தாலோசனை தோற்றுவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

“போரால் அழிந்த வடகிழக்குக்கு இப்பொழுதுதான் சில திட்டங்கள் வருகின்றன, அவற்றையும் தடுப்பதா?” என்று கேட்போர் உளர். நாம் தடுக்கவில்லை. குழாய் வேண்டும், வீதி வேண்டும், மின்சாரமும் வேண்டும். ஆனால் தானமாக அன்று, கடனாகவே இவை வருகின்றன. அக்கடனை அடைப்பவன், தன் காணியை இழப்பவனும், தன் நீரைப் பங்கிடுபவனுமான அதே குடிமகன். கடனாளியைக் கேளாமல் எழுதிய கடன்சீட்டை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

ஆகவே நாம் கோருவது இது.

முதலாவதாக, கடன் ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன், நீர் மூலமும் நிலமும் தெரிவாகுமுன், திட்டமானது பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்புகளிலும் மீனவர் சங்கங்களிலும் வைக்கப்படவேண்டும். அக்கூட்டக் குறிப்பு ஒப்பந்தத்தின் அங்கமாகவேண்டும்.

இரண்டாவதாக, முழு அறிக்கையும் வரைபடங்களும் நீர்க் கணக்கும் தமிழிலே, கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கிடைக்கவேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அந்த 30 நாளை ஓடவிடலாகாது.

மூன்றாவதாக, நூறு குடும்பம் என்ற எல்லை நீங்கவேண்டும். பாசனக் குளத்து நீரை வேறு தேவைக்குத் திருப்பும் எத்திட்டமும், அளவு எதுவாயினும், மதிப்பீட்டுக்கு உட்படவேண்டும்.

நான்காவதாக, திட்டத்தால் பயனடையும் நிலம் எவருக்கு வழங்கப்படும் என்பது அறிக்கையிலேயே வெளியிடப்படவேண்டும்.

ஐந்தாவதாக, 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 38 ஆம் பிரிவிலுள்ள அவசர விதியைக் காட்டி, நட்டஈடு கொடுக்குமுன் காணியைக் கைப்பற்றும் வழக்கம் ஒழியவேண்டும்.

கடைசியாக, எமது கற்றோருக்கு ஒரு சொல். சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! அறிக்கைகளை வாசிக்க உங்களால் முடியும்; குளத்தை வாசிக்கக் கமக்காரனால் முடியும். அறிவித்தல் வெளியாகும் நாளிலேயே நீங்கள் அவனது திண்ணையிலே போய் அமருங்கள். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்தையும் அவனுக்குச் சொல்லுங்கள். அவன் சொல்வதை எழுதி, நாள் தவறாமல் அதிகாரசபைக்கு அனுப்புங்கள். முப்பத்தோராம் நாள் எழும் குரலுக்குச் சட்டம் செவிசாய்க்காது. குரல் முதல் நாளிலேயே எழட்டும்.