ஓடுகிற பெண்ணுக்குத் திருஷ்டியா? இரும்புப் பஞ்சமா?

நெடுந்தூர ஓட்டத்தில் நேற்றுவரை முதலாவதாக வந்த ஒரு பெண், இன்று பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? பாட்டி திருஷ்டி என்கிறாள். ஜோசியன் சனி என்கிறான். பயிற்சி கொடுக்கிறவர் சோம்பல் என்கிறார். தகப்பனாரோ, “வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?” என்று அடியோடு நிறுத்தப் பார்க்கிறார். பூசணிக்காய் உடைபடுகிறது, எலுமிச்சம்பழம் நசுக்கப்படுகிறது, கையில் கயிறும் ஏறுகிறது. இவ்வளவும் செய்தவர்களில் ஒருவராவது அப்பெண்ணின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாரா என்று கேட்கின்றோம்.

இரும்பு கொல்லன் பட்டறையில் மாத்திரம் இருப்பதல்ல. வளர்ந்த மனித உடலிலும் 3 அல்லது 4 கிராம் இருக்கின்றது. அதில் பெரும்பங்கு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் அடங்கியது. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றி, தசைகளில் கொண்டுபோய் இறக்குகிற வண்டி அதுதான். 100 மீட்டர் ஓடுகிறவர் தசையில் முன்பே சேர்ந்திருக்கும் சக்தியைக் கொண்டு ஒருவாறு ஓடி முடித்துவிடலாம். 10,000 மீட்டர் ஓடுகிறவருக்கோ ஓடி முடிகிறவரை பிராணவாயு வந்துகொண்டே இருக்கவேண்டும். வண்டி குறைந்தால் வேகம் குறையும், கால் கனக்கும். இதில் சனிபகவானுக்கு என்ன வேலை?

அந்த இரும்பு எங்கே போகின்றது? 1881-ல் ஜெர்மனியில் பிளைஷர் என்ற வைத்தியர், நெடுந்தூரம் நடந்த ஒரு சிப்பாய்க்குச் சிறுநீர் கறுத்துப் போனதைக் கண்டு எழுதி வைத்தார். பாதம் தரையில் மோத மோத அங்குள்ள சிவப்பணுக்கள் சில உடைகின்றன என்று பிற்காலத்தில் விளங்கிற்று. நம் ஊராயிருந்தால் அந்தச் சிப்பாய்க்கு வேப்பிலை அடித்திருப்பார்கள்! இவ்வழியில் போவது சொற்பமே. வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் போகின்றது. அன்றியும், கடுமையாக ஓடிய 3 மணி முதல் 6 மணி நேரத்துக்குள், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள் இரத்தத்தில் பெருகி, குடலில் இரும்பு நுழையும் கதவைச் சாத்துகின்றது. செலவு கூடுகிறது, வரவு குறைகிறது.

பெண்ணுக்கோ மாதவிடாய்ச் செலவு வேறு. 40 மில்லி இரத்தம் போனால் ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகின்றது. குடல் ஒரு நாளில் உள்ளே வாங்குவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். அதைத் தீட்டு என்று மூலையில் உட்காரவைக்கத் தெரிந்த நமக்கு, போனது இரும்பு என்று கணக்குப் பார்க்கத் தெரியவில்லை! எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண் என்று பெண்ணுக்கு விதித்ததும் நாம்தானே? 2019-21-ம் வருஷத்திய தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். ஆண்களில் 25 பேர். இத்தனை பெண்கள்மேலுமா திருஷ்டி விழுந்தது?

நிற்க, ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் போதாது. பயிற்சியினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, குறையில்லாதவருக்கும் குறைபோலக் காட்டும். மாறாக, அது சரியாயிருக்கும்போதே சேமிப்பு இரும்பு தீர்ந்திருக்கவும் கூடும். சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் சோதனை. ஆகவே இரண்டையும் பார்க்கவேண்டும்.

உணவிலும் மூடநம்பிக்கை உண்டு. பீட்ரூட் சிவப்பாயிருப்பதால் இரத்தம் ஊறுமாம்! அப்படியானால் பால் குடிக்கிறவன் இரத்தம் வெளுக்கவேண்டாமா? பேரீச்சம்பழத்திலும் பேசப்படுகிற அளவு இரும்பில்லை. ஈரலிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். பருப்பு, கீரையிலுள்ளது அவ்வளவு சேராது. ஆனால் கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீரும் காப்பியும் குடித்தால் குறையும். ஆதலால், திருஷ்டிக்கென்று காலடியில் நசுக்குகிற எலுமிச்சம்பழத்தை அந்தப் பெண்ணின் பருப்புச் சோற்றில் பிழிந்து கொடுங்கள், பலன் தெரியும்.

சோதிக்காமல் இரும்பு மாத்திரையை விழுங்குவதும் கயிறு கட்டுவது போன்ற குருட்டு நம்பிக்கையே. அளவு மீறிய இரும்பு ஈரலைக் கெடுக்கும். சிறு குழந்தை எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அளவை வைத்தியர் சொல்லட்டும்.

தோழர்களே! ஓட முடியாமல் நின்ற பெண்ணைச் சோம்பேறி என்று வைவதும், ராசியில்லாதவள் என்று மூலையில் தள்ளுவதும் எளிது. சோதித்து, ஆண் பிள்ளைக்கு இடுகிற சோற்றை அவளுக்கும் முதற் பந்தியிலேயே இடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் மறுபடி ஓடுவாள்.