வெல்லத்தில் 'ஹைட்ரோஸ்': சிக்குவது ஆலைக்காரர்... தப்புவது யார்?

தர்மபுரி:
பொங்கல் நெருங்கினால் பாலக்கோடு, கடத்தூர் பக்கம் கரும்பு ஆலைக் கொட்டகைகளில் அடுப்பு அணையாது. கூடவே உணவு பாதுகாப்புத் துறை ஜீப்பும் வரும். வெல்லத்தில் மாதிரி எடுப்பார்கள். கொட்டகை மூலையில் வெள்ளைப் பவுடர் மூட்டை இருந்தால் பறிமுதல். மறுநாள் செய்தி. அடுத்த வருஷமும் இதே கதைதான்.

அந்தப் பவுடர் பெரும்பாலும் 'ஹைட்ரோஸ்'. சோடியம் ஹைட்ரோ சல்பைட் என்பது முழுப்பெயர். சாயப்பட்டறைச் சரக்கு. கருத்த பாகில் போட்டால் வெல்லம் பளிச்சென்று மஞ்சளாகி விடும். ஆனால் கந்தக டை ஆக்சைடு உள்ளேயே தங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம். கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது விதி. கையால் அள்ளிப் போடுபவருக்கு மில்லிகிராம் கணக்கு எங்கே தெரியப்போகிறது?

லேபிள் விவகாரம் இதைவிட மோசம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் சல்பைட் இருந்தாலே பாக்கெட்டில் எழுத வேண்டும் என்கிறது 2020 விதி. மண்டிக்குச் சிப்பமாகப் போகும் வெல்லத்துக்கு லேபிள் ஏது? அதே சரக்கு டவுனில் கலர் பாக்கெட்டில் ஏறி, 'ரசாயனம் கலக்காதது' என்று அச்சாகி வந்தால் யார் கேட்பது? ஜீப் கொட்டகையோடு நின்றுவிட்டால் இது சிக்காது.

சட்டம் ஒன்றும் சொத்தையில்லை. 2006ம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டப்படி தப்பான லேபிளுக்கு ரூ.3 லட்சம் வரை அபராதம். உடம்புக்குக் கேடான கலப்படப் பொருளை விற்றாலோ, இருப்பு வைத்தாலோ ரூ.10 லட்சம் வரை. ஆனால் பவுடர் விற்ற கடைக்காரர், "துணிக்குன்னுதான் குடுத்தேன்" என்று சொன்னால் பிடி நழுவி விடுகிறது. மாட்டிக்கொள்வது கொப்பரை பக்கத்தில் நிற்பவர்தான்.

அவரும் ஆசைப்பட்டு மட்டும் கலக்கவில்லை. பழுப்பு வெல்லத்தை மண்டியில் விலை குறைத்துத்தான் கேட்கிறார்கள். ஜனங்களும் மஞ்சளைத்தான் எடுக்கிறார்கள். 2022 பொங்கலுக்கு ரேஷனில் அரசு வெல்லம் கொடுத்தது. உருகி ஒழுகுவதாகப் பல ஊர்களில் புகார் கிளம்பியது. 2023ல் வெல்லம் போய் சர்க்கரை வந்தது. பழுப்பு வெல்லத்துக்கு அரசே பெரிய வாடிக்கையாளர் ஆகியிருக்கலாம். அந்த வாய்ப்பு கைநழுவியது.

இன்னொரு சிக்கல். மாதிரி கைக்கு வந்து 14 நாளுக்குள் ஆய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு மாதிரி எடுத்தால், அறிக்கை வருவதற்குள் அந்த வெல்லம் பொங்கல் பானையில் கரைந்து போயிருக்கும்.