தாதியர் மீது கை ஓங்கலாமா?

ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறோம். குழந்தைக்குக் காய்ச்சல், கட்டில் இல்லை, டாக்டரைக் காணோம். ஆத்திரம் பொங்குகிறது. யார் மேல் பாய்கிறோம்? எதிரே நிற்கும் மிஸ்ஸியின் மேல்! வாய்க்கு வந்தபடி ஏசுகிறோம். சிலர் கையும் ஓங்கிவிடுகிறார்கள்.

தோழர்களே, இது நியாயமா? பால் நிறுக்கும் கிராணியை அடித்தால் கூலி உயருமா? கூலியை நிர்ணயிப்பவர் வேறெங்கோ இருக்கிறார். வார்டுக்கு எத்தனை தாதியர் என்று தீர்மானிப்பவரும் அப்படித்தான். அவர் வார்டில் நிற்பதில்லை. அடிபடுபவரோ நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர்.

பம்பாயில் நடந்த கொடுமையை நாம் மறக்கலாகாது. 1973 நவம்பர் 27-இல், கே. இ. எம். ஆஸ்பத்திரித் தாதி அருணா சான்பாக், வயது 25, உடை மாற்றக் கீழ்த்தளத்திற்குச் சென்றார். துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி மானபங்கப்படுத்தினான். மூளை பாதிக்கப்பட்ட அவர், 2015 மே 18-இல் உயிர் பிரியும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவனுக்கோ ஏழாண்டுச் சிறைதான்!

செய்தவன் முதலாளி அல்லன். உடன் வேலை செய்தவன். இதை மூடி மறைக்க வேண்டாம். தொழிலாளி என்ற பெயர் எவனுக்கும் கேடயமாகாது. தோட்டத்திலும் இதே நியாயந்தான்.

ஆனால் அந்தத் தாதியர் என்ன செய்தார்கள்? பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பிற்காலத்தில் அருணாவை வெளியேற்ற நகராட்சி முயன்றபோது எதிர்த்து நின்று தடுத்தார்கள். தலைமுறை மாறியும் அவரைக் கைவிடவில்லை. ஒற்றுமை என்றால் இதுவல்லவா ஒற்றுமை!

2019-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 190-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2021-இல் அது அமலுக்கு வந்தது. வேலையிடத்தில் வெளியார் இழைக்கும் வன்முறையையும் அது கணக்கில் எடுக்கிறது. வெளியார் என்றால் யார்? நோயாளியும், பார்க்க வரும் நாமுந்தான்.

ஆகவே, கேட்க வேண்டியதைக் கேட்போம்: போதிய தாதியர், இரவு வேலைக்குக் காவல், உடை மாற்றப் பத்திரமான அறை, புகார் செய்தவரைப் பழிவாங்காத நிர்வாகம்.

அடுத்த முறை ஆத்திரம் வந்தால் மனுவாக எழுதுங்கள். கிராணித் தோழர்கள் எழுத உதவட்டும். பத்துப் பேர் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்புங்கள். மிஸ்ஸியை ஏசினால் ஒரு கட்டில்கூட அதிகமாகாது. மனு போனால், மேலிடம் பதில் சொல்லியாக வேண்டும்.