திகில் படம் எடுப்பது வீண் வேலையா?



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவர்கள் நால்வர் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு செல்போன். பள்ளி விழாவில் காட்டுவதற்காக ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியைத் தாங்களே எடுத்து, தாங்களே தொகுத்திருப்பதாகச் சொன்னார்கள். மொத்தம் இரண்டு நிமிடம்.

"படிக்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கப்பா?" என்றுதான் முதலில் கேட்டேன். உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் இதே கேள்வியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியை நான் கேட்டது தவறு என்று இன்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

படத்தைப் பார்த்தேன். இருண்ட கூடம், கதவு மெல்லத் திறக்கிறது, யாரோ நடந்து வருகிறார்கள். ஆனால் திரையின் குறுக்கே மங்கலான கரும்பட்டைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. "ஏதேதோ ஃபில்டர் போட்டுப் பார்த்தோம் சார், போகவில்லை" என்றான் ஒருவன். "வெயிலில் எடுத்தால் வருகிறதா?" என்று கேட்டேன். எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. பேட்டரி டார்ச் ஒளியில் எடுத்தார்கள், அப்போதும் வரவில்லை. கூடத்தின் குழல் விளக்கைப் போட்டதும் பட்டைகள் வந்துவிட்டன.

காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைகிறது. ஒவ்வோர் அலையிலும் விளக்கு இரண்டு முறை பிரகாசமடைகிறது. ஆகவே விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. கண்ணுக்கு இது தெரிவதில்லை. செல்போன் காமிராவோ ஒரு படத்தை வரிவரியாகப் பதிவு செய்கிறது. ஒரு வரி பதிவாகும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், சில வரிகளுக்கு விளக்கின் பிரகாசமான கணம் கிடைக்கிறது. சில வரிகளுக்கு மங்கலான கணம் கிடைக்கிறது. வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும்போது 100ஐ 30ஆல் வகுத்தால் மீதி வருகிறதல்லவா? அதனால்தான் பட்டைகள் நிற்காமல் நகர்கின்றன. 25 படங்கள் எடுத்தால் பட்டைகள் நின்ற இடத்தில் நிற்கும். ஒளியை அனுமதிக்கும் நேரத்தை ஐம்பதில் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால், ஒவ்வொரு வரிக்கும் சரியாக இரண்டு துடிப்புகள் கிடைத்துப் பட்டைகளே மறைந்துவிடும்.

செய்து பார்த்தார்கள். பட்டைகள் மறைந்தன. அந்த நால்வரின் முகத்தில் அப்போது தோன்றிய மலர்ச்சியை என் வகுப்பறையில் நான் அதிகம் பார்த்ததில்லை. மாறுதிசை மின்னோட்டத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியவர்கள்தான் அவர்கள். ஆனால் அது தங்கள் வீட்டுக் கூடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டார்கள்.

இருட்டைப் படம் எடுப்பது எப்படி?

திகில் படம் என்றதும் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டுப் படம் எடுக்கத் தொடங்குகிறார்கள். திரையில் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள்தான் கிடைக்கின்றன. ஒளி என்பது ஃபோட்டான் எனும் துகள்களாக வந்து விழுகிறது. காமிராவின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழுந்தால், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 10. அதாவது நூற்றுக்குப் பத்து. பத்தாயிரம் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். எனவே நல்ல இருட்டு வேண்டுமானால் போதிய ஒளியில் எடுத்துவிட்டுப் பிறகு தொகுக்கும்போது குறைக்க வேண்டும். சற்று நீல நிறம் சேர்த்தால் இரவு என்றே கண் நம்பிவிடும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலப் பக்கத்து ஒளியை நன்கு உணர்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒலியையும் கவனியுங்கள். பழைய கதவின் கிரீச்சொலி இல்லாத பேய்ப்படம் உண்டா? கீல் உராய்வினால் ஒட்டிக்கொள்கிறது, விசை கூடியதும் சட்டென்று வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் வினாடிக்குப் பல நூறு முறை நிகழ்ந்தால் அதுவே கிரீச்சொலி. வயலினின் வில் தந்தியைப் பேச வைப்பதும் இதே முறையில்தான்! பயத்துக்கும் இசைக்கும் பௌதிகம் ஒன்றே.

திகில் படங்களின் முன்னோடிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1958ல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தின் தொடக்கத்தில், ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து சுழலும் வளைவுகள் எழுந்து வரும். அந்தத் தொடக்கத்தை வடிவமைத்தவர் சால் பாஸ். வளைவுகளை உருவாக்கித் தந்தவர் ஜான் விட்னி. அவை லிசாஜு உருவங்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அலைவுகள் சேர்ந்து வரையும் கோலங்கள். நீங்களும் வரையலாம். ஒரு கயிற்றை ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் கட்டி, அடியில் துளையிட்ட புட்டியில் மெல்லிய மணலை நிரப்பித் தொங்கவிடுங்கள். முழு நீளமும் கீழ்க்கயிற்றின் நீளமும் 4க்கு 1 என்றிருந்தால், அலைவு காலங்கள் 2க்கு 1 என்றாகும். சற்றுச் சாய்வாக இழுத்து விட்டால், தரையில் மணல் வரையும் கோலத்தையே உங்கள் படத்தின் தொடக்கமாக எடுக்கலாம். ஒரு ரூபாய்க்குக்கூடச் செயலி வாங்க வேண்டாம்.

நம் தமிழிலும் 1954ல் 'அந்த நாள்' வந்தது. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. ஒரு துப்பாக்கி வெடியோடு கதை தொடங்குகிறது, நாயகன் இறந்துவிடுகிறான். சுட்டது யார் என்ற கேள்வி ஒன்றே கடைசி வரை நம்மை உட்கார வைக்கிறது.

கத்தரிக்கோலின் வலிமை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி.

அந்த நால்வரின் படத்தில், தங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் நடந்து போவதையும் எடுத்திருந்தார்கள். அவன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அடுத்த காட்சியில் உடைந்த பூட்டு. அதற்கடுத்து மீண்டும் அவன் முகம். பார்த்தவர்கள் அனைவருக்கும் அவன் திருடன் ஆகிவிட்டான். படம் வகுப்பில் கைமாறியது. ஒரு வாரம் எல்லோரும் அவனைத் திருடன் என்றே அழைத்தார்கள். இதைச் சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்கள் பொய்யாக எதையும் எடுக்கவில்லை சார். எல்லாம் உண்மையில் நடந்ததுதான்" என்றான்.

எவ்வளவு சரியான வார்த்தை! ஒவ்வொரு துண்டும் உண்மை, ஒட்டியதும் பொய். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ருஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் இதைச் செய்து காட்டினார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தை, ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் சேர்த்து ஒட்டினார். பார்த்தவர்கள் முதலில் பசியையும், பின்னர் துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டார்கள். முகம் மாறவே இல்லை.

இது விளையாட்டல்ல. பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி எச்சரிக்க ஒரு குறும்படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். பிறகு திரும்பி வந்து இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கை அட்டையைக் காட்டுகிறார்கள். 2018ல் அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டு மீதியை இந்தியாவெங்கும் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி அந்த ஆண்டில் பல மாநிலங்களில் அப்பாவிகளின் உயிரைக் குடித்தது. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்த ஒரு மூதாட்டியும் அந்த வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார்.

சில வினாடிகளை வெட்டியதால் ஓர் எச்சரிக்கைப் படம் திகில் படமாகிவிட்டது. அதைப் பார்த்தவர்களில் ஒரு சிலரேனும் "இதற்கு முன்னே என்ன? பின்னே என்ன? எங்கே, எப்போது எடுத்தது?" என்று கேட்டிருக்கக் கூடாதா? இந்தக் கேள்விகள் யாருக்கு இயல்பாக எழும்? தன் கையால் ஒருமுறை வெட்டி ஒட்டிப் பார்த்தவனுக்கு எழும். மாயாஜாலம் கற்றவனை மாயாஜாலக்காரன் ஏமாற்ற முடியாதல்லவா?

ஆகவே படம் எடுங்கள் என்றே நான் சொல்வேன். பள்ளி விஞ்ஞான மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதை ஒரு பரிசோதனையாகவே நடத்த வேண்டும் என்றும் சொல்வேன். "படிப்பு கெட்டுவிடாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எல்லையில்லாமல் போனால் கெடத்தான் செய்யும். எனவே இரண்டு நிமிடப் படம், இரண்டு விடுமுறை நாட்கள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதை, கிணற்று மேடை, மொட்டை மாடிச் சுவர், நெருப்பு, உண்மையான கத்தி ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். திகில் திரையில் இருக்கட்டும். எடுக்கும் இடத்தில் வேண்டாம். ஒருவரைக் கேட்காமல் அவர் முகத்தை எடுக்காதீர்கள். எடுத்தபின் அவரிடம் காட்டாமல் வெளியே விடாதீர்கள்.

இன்னொரு வேலையும் தருகிறேன். எடுத்த அதே துண்டுகளை வரிசை மாற்றி, இரண்டு விதமாகத் தொகுத்துப் பாருங்கள். ஒன்றில் நடந்து வருபவன் திருடனாக இருக்கட்டும். மற்றதில் திருடனைப் பிடிக்க வந்தவனாக இருக்கட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

அந்த நால்வரும் அப்படித்தான் செய்தார்கள். பள்ளி விழாவில் இரண்டு படங்களும் ஓடின. இரண்டாவது படம் முடிந்ததும் எழுந்த கைதட்டலில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தத் தோழன்தான் முதலில் எழுந்து நின்றான்.